குளம்பும் இரும்பும்: குதிரையின் நடையை மாற்றிய கைத்தொழிலின் வரலாறு

குதிரையைப் பழக்கிய காலம்தொட்டே அதன் குளம்பைக் காப்பது மனிதனின் கவலையாக இருந்துவந்திருக்கிறது. ஆனால் குளம்பைச் சீவுவதும் அதில் இரும்பைப் பொருத்துவதும் அந்த விலங்கு காலெடுத்து வைக்கும் முறையையே மாற்றிவிடுகின்றன என்ற உண்மை, லாடத் தொழில் தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே ஆராய்ச்சியாளரின் கவனத்திற்கு வந்தது. தேய்மானத்தைத் தடுக்கும் கவசமாகத் தொடங்கிய லாடம், காலப்போக்கில் நடையைத் திருத்தும் கருவியாகவும், சில இடங்களில் நடையைக் கெடுக்கும் கருவியாகவும் மாறியது. அந்த மாற்றம் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் பின்னர் வட அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. அந்த வரலாற்றை ஊன்றி நோக்கினால், இரும்பின் வடிவத்தைப் பற்றியே வல்லுநர்கள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டுக்கொண்டிருந்தபோது, நடையைப் பெருமளவு தீர்மானித்தது இரும்புக்கு முன்னால் நடந்த சீவலே என்பது புலப்படும்.

குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன; முழுப் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் தரையில் ஊன்றும் நொடியில் அதன்மேல் இறங்கும் விசை உடல் எடையைப் போல இரண்டரை மடங்குவரை உயர்கிறது. இந்த விசையை முதலில் ஏற்பது குளம்பு. வெளியே தெரியும் கடினமான கொம்புப் பகுதி குளம்புச் சுவர் எனப்படும். அதன் அடியில் சற்றே குழிந்திருப்பது அடித்தட்டு. பின்புறமிருந்து நடுவை நோக்கி ஆப்பு வடிவில் நீண்டு, ரப்பரைப் போல அமுங்கும் பகுதியை ஆங்கிலேய லாடக்காரர்கள் ‘தவளை’ என்று அழைத்தனர். குளம்புக்குள் இருக்கும் கடைசி எலும்பின் அடிப்புறத்தில், காலின் பின்புறமாக இறங்கிவரும் ஆழ் மடக்குத் தசைநாண் வந்து இணைகிறது; தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான நாரே தசைநாண். அது இணையும் இடத்திற்குச் சற்று முன்னால், படகெலும்பு எனப்படும் சிறிய எலும்பின் மேல் கப்பியில் ஓடும் கயிறுபோல வளைந்து செல்கிறது. நுனி நீண்டாலும் குதிகால் தாழ்ந்தாலும் இந்த நாண் இழுபடும் அளவு மாறுகிறது. நடையில் தோன்றும் மாற்றங்களில் பெரும்பகுதிக்கு இந்த அமைப்பே காரணம்.

குளம்புச் சுவர் மாதத்திற்கு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. வறண்ட புல்வெளிகளில் நாள்தோறும் நெடுந்தொலைவு அலையும் காட்டுக்குதிரையிடம் வளர்ச்சியும் தேய்மானமும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். மனிதனிடம் வந்த குதிரைக்கோ இந்தச் சமநிலை இரு வகையில் குலைகிறது: கொட்டிலிலேயே நிற்கும் குதிரையின் குளம்பு தேயாமல் நீள்கிறது, கல் பாவிய சாலையில் பாரம் இழுக்கும் குதிரையின் குளம்பு வளர்வதைவிட விரைவாகத் தேய்கிறது. முன்னதற்குச் சீவலும் பின்னதற்கு இரும்பும் தேவைப்பட்டன.

பண்டைய கிரேக்கர்கள் இரும்பை நாடவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய செனபோன், குதிரை வாங்குபவர் முதலில் குளம்பையே பார்க்க வேண்டும் என்றும், தடித்துக் குழிந்த குளம்பு தரையில் படும்போது தாளம்போல் ஒலிக்கும் என்றும் கூறியதோடு, கொட்டிலுக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பரப்பி அவற்றின்மேல் குதிரையை நிறுத்தினால் குளம்பு உரம்பெறும் என்ற செய்முறையையும் தந்தார். ரோமானியர் காலத்தில் கால் (இன்றைய பிரான்ஸ்), ஜெர்மானியா, பிரிட்டன் ஆகிய மாகாணங்களில் உலோகத் தகட்டாலான ஒருவகைக் காலணி வழக்கில் இருந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன. பக்கங்களில் உயர்ந்த மடிப்புகளும் கயிறு கட்டக் கொக்கிகளும் கொண்ட அந்தத் தகடு ஆணியால் அறையப்படவில்லை, வாரால் கட்டப்பட்டது. அதை அணிந்த விலங்கு விரைந்தோட இயலாது என்பதால், புண்பட்ட குளம்பைக் காக்கவும் கடினமான வழியில் மெல்ல நடத்திச் செல்லவுமே அது பயன்பட்டிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

ஆணி அறைந்த லாடம் எங்கு, எப்போது தோன்றியது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும் கி.பி. 900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோ இயற்றிய போர்முறை நூலில், குதிரைப்படைக்குத் தேவையான பொருள்களின் வரிசையில் பிறை வடிவ இரும்புகளும் அவற்றுக்கான ஆணிகளும் இடம்பெறுவதால், அக்காலத்திற்குள் இந்த வழக்கம் படைகளில் நிலைபெற்றுவிட்டது தெளிவு. பதினோராம் நூற்றாண்டிற்குள் அது மேற்கு ஐரோப்பாவெங்கும் பரவியது. ஈரம் மிகுந்த வடக்கு நிலங்களில் குளம்பு ஊறி மென்மையாவதும், கவசம் தரித்த வீரனைச் சுமக்கும் குதிரையின் பாரம் கூடியதும் இந்தப் பரவலுக்குத் துணைசெய்தன. லண்டன் நகரில் 1356ஆம் ஆண்டிலேயே லாடக்காரர்களின் சங்கம் அமைந்தது. 1674இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அதற்கு அரச சாசனம் வழங்கினார். அந்நாளைய லாடக்காரர் இரும்படிப்பவர் மட்டுமல்லர், குதிரை மருத்துவரும் அவரே.

இந்த இரட்டைப் பணியின் அருமை தமிழகத்தின் வரலாற்றிலும் ஓரிடத்தில் பதிவாகியுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் கடல்வழியே இறக்குமதியானதையும், பராமரிக்கத் தெரிந்தோர் இல்லாததால் அவற்றுள் மிகப் பல ஓராண்டுக்குள் மடிந்ததையும் குறிப்பிடுகிறார். குதிரை வணிகர்கள் தம்முடன் லாட வைத்தியர் எவரையும் அழைத்துவருவதில்லை என்றும், பிறர் அங்குச் செல்வதையும் தடுத்தனர் என்றும், குதிரைகள் சாகச் சாகத் தங்கள் வணிகம் செழிக்கும் என்பதே அதற்குக் காரணம் என்றும் அவர் எழுதியுள்ளார். தமிழ் நிலத்தில் லாடம் பரவலாக வேரூன்றியது வண்டி மாடுகளின் வழியாகவே. பிளவுண்ட குளம்பாதலால் மாட்டுக்குக் காலுக்கு இரண்டாகச் சிறு தகடுகள் அறையப்படுகின்றன. குதிரைக்கோ ஒற்றைக் குளம்பின் வளைவைத் தழுவிச்செல்லும் ஒரே இரும்பு.

அந்த இரும்பைப் பொருத்தும் முறை இடைக்காலத்திலிருந்து இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. லாடக்காரர் குதிரையின் காலைத் தூக்கித் தம் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, பழைய ஆணிகளின் மடிந்த முனைகளை நிமிர்த்தி, குறட்டால் லாடத்தைக் கழற்றுகிறார். உதிரும் நிலையிலுள்ள அடித்தட்டைக் குளம்புக் கத்தியால் சுரண்டி, வளர்ந்த சுவரை வெட்டி, அரத்தால் ராவிச் சமதளமாக்குகிறார். காய்ச்சிய லாடத்தைக் குளம்பில் சற்றே வைத்து எடுக்கையில் எழும் புகையும் தீய்ந்த கொம்பின் கருந்தடமும் எந்த இடத்தில் இரும்பு சரியாகப் படியவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. சுவரும் அடித்தட்டும் சேருமிடத்தில் தெரியும் வெளிறிய வளையம் வெள்ளைக்கோடு எனப்படும். அதற்கு உட்புறம் உயிருள்ள திசு இருப்பதால் ஆணி அதன் வெளிப்புறத்திலேயே இறங்க வேண்டும். லாட ஆணியின் நுனி ஒருபுறம் மட்டும் சரிவாக்கப்பட்டிருப்பதால், சுத்தியல் அடியில் அது உள்நோக்கிப் போகாமல் வெளிப்பக்கம் வளைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. வெளிவந்த முனையை முறித்து, எஞ்சியதை மடக்கி, அரத்தால் வழவழப்பாக்குவதோடு வேலை முடிகிறது. இந்த வேலையில் சீவல் சில நிமிடங்களே எடுக்கும். ஆனால் குளம்பு தரையோடு எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது அந்தச் சில நிமிடங்களே. லாடம் அந்த முடிவை அடுத்த ஆறேழு வாரங்களுக்கு நிலைநிறுத்துகிறது.

அச்சு நூல்கள் பரவிய பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கைத்திறன் எழுத்தில் ஏறத் தொடங்கியது. இத்தாலியரான சேசரே ஃபியாஸ்கி 1556இல் வெளியிட்ட நூலில் கடிவாளம், குதிரைப் பயிற்சி, லாடம் ஆகிய மூன்றையும் ஒருசேர விளக்கி, பயிற்சியின் தாளத்தைக் காட்ட இசைக்குறிப்புகளையும், பலவகை லாடங்களின் படங்களையும் சேர்த்திருந்தார். நடையும் லாடமும் ஒரே நூலில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட தொடக்ககால முயற்சிகளில் இது ஒன்று. 1598இல் வெளிவந்த கார்லோ ரூயினியின் நூல் குதிரையின் உடற்கூற்றைத் துல்லியமான படங்களுடன் அளித்தது. ஆயினும் பட்டறைகளில் வழக்கம் வேறாக இருந்தது. அடித்தட்டையும் தவளையையும் மெலிதாகும்வரை செதுக்கி, குளம்பைப் பார்வைக்கு அழகாக்கி, அதன்மேல் கனத்த நீண்ட லாடத்தை அறைவதே திறமை எனக் கருதப்பட்டது. இயற்கை தந்த மெத்தையை வெட்டி எறிந்துவிட்டு இரும்பால் ஈடுசெய்ய முனைந்த இந்த வழக்கமே பின்வந்த இரு நூற்றாண்டுகளின் விவாதங்களுக்கு வித்திட்டது.

அந்த வழக்கத்தை முதலில் வன்மையாகத் தாக்கியவர்களுள் பிரெஞ்சு அரச லாயங்களில் பணியாற்றிய எத்தியேன்-கியோம் லாஃபோஸ் குறிப்பிடத்தக்கவர். அடித்தட்டையும் தவளையையும் கத்தி தொடக்கூடாது என்றும், நுனியை மட்டும் காக்கும் குட்டையான பிறை லாடமே போதும் என்றும், குதிகாலும் தவளையும் தரையைத் தொட்டால்தான் குதிரை வழுக்காமல் உறுதியாக ஊன்றும் என்றும் அவர் 1750களில் வாதிட்டார். அதாவது, லாடத்தின் நன்மை தீமையை அது எத்தனை நாள் தேயாமலிருக்கிறது என்பதை வைத்து மட்டுமல்லாமல், குதிரை எப்படி நடக்கிறது என்பதை வைத்தும் அளக்கும் போக்கு அவரிடம் தொடங்குகிறது. இதே காலத்தில் குளோத் பூர்ழெலா 1762இல் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்து, 1771இல் லாடம் பற்றித் தனி நூலும் எழுதினார். 1779இல் குவாஃபோன், வென்சன் என்ற இருவர் குதிரையின் ஒவ்வொரு நடையிலும் எந்தக் கால் எந்த நேரத்தில் தரையில் இருக்கிறது என்பதைக் கோடுகளால் குறிக்கும் அட்டவணை முறையை வகுத்தனர். பின்னாளைய நடை ஆய்வுகள் அனைத்துக்கும் அந்த அட்டவணை முன்னோடி.

இந்தப் பிரெஞ்சுக் கல்வி லண்டனுக்குச் சென்றது ஷார்ல் வியால் தெ சான்பெல் வழியாக. 1789இல் இறந்த புகழ்பெற்ற பந்தயக் குதிரை எக்லிப்ஸின் உடலை அளந்து அதன் உறுப்பு விகிதங்களுக்கும் வேகத்திற்கும் உள்ள உறவை விளக்க முயன்ற அவர், 1791இல் நிறுவப்பட்ட லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவரானார். அவர் இரண்டே ஆண்டுகளில் இறந்துவிட, பின்னர் அப்பொறுப்பை ஏற்ற எட்வர்ட் கோல்மன் தவளை தரையில் அழுந்துவதே குளம்பின் நலத்திற்கு அடிப்படை என்று நம்பி, அதற்காகக் குதிகால் பக்கம் மெலிந்த லாடத்தை வற்புறுத்தினார். ஆனால் குதிகாலைத் தாழ்த்துவது ஆழ் மடக்குத் தசைநாணின் இழுவையைக் கூட்டும் என்பது இன்றைய அறிவு. ஒரு பகுதியின் நலத்தை மட்டும் கருதிச் செய்யும் திருத்தம் முழுக் காலின் இயக்கத்தையும் பாதிக்கக்கூடும் என்பதற்கு அவருடைய லாடம் நல்ல எடுத்துக்காட்டு.

அந்தக் கல்லூரியிலேயே பயின்ற பிரேசி கிளார்க் இன்னும் அடிப்படையான கேள்வியை எழுப்பினார். குளம்பு என்பது அசையாத கொம்புப் பெட்டி அன்று, பாரம் ஏறும்போது பின்புறம் விரிந்து பாரம் நீங்கும்போது சுருங்கும் மீள்தன்மையுடைய உறுப்பு என்று நிறுவ முயன்ற அவர், லாடம் அறையப்படாத குளம்பின் வார்ப்பையும் ஆண்டுகள் பல லாடத்துடன் இருந்த குளம்பின் வார்ப்பையும் ஒப்பிட்டு, இரும்பு ஆணிகளால் கட்டுண்ட குளம்பு படிப்படியாகக் குறுகிவிடுவதை 1809இல் வெளியிட்ட நூலில் காட்டினார். நுனியில் கீல் வைத்த, விரியக்கூடிய லாடத்தை அவர் செய்து பார்த்தார். சாலையின் அடியை அது தாங்கவில்லை. அவருடைய கருவி தோற்றாலும் கருத்து நிலைத்தது: ஆணிகளைக் குதிகாலுக்கு அருகே கொண்டுசெல்லாமல் முன்பாதியிலேயே நிறுத்தும் இன்றைய வழக்கம் குதிகால் விரிய இடம் விடுவதற்கே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகரங்கள் குதிரையால் இயங்கின. அமெரிக்காவில் ட்ராய் நகரத்து ஹென்றி பர்டன் 1835இல் லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய ஆலையின் பிற்கால இயந்திரம் நிமிடத்திற்கு 60 லாடங்கள்வரை அடித்துத் தள்ளி, உள்நாட்டுப் போரில் வடபுலப் படைகளுக்கு வழங்கியது. ஆயத்த லாடம் மலிவானது. ஆனால் குளம்புக்கு ஏற்ப இரும்பை வளைப்பதற்குப் பதிலாக, இரும்புக்கு ஏற்பக் குளம்பை ராவிவிடும் பழக்கத்திற்கும் அது இடம் கொடுத்தது.

நடையைக் கண்ணால் மதிப்பிடுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு சோதனைகள் காட்டின. பாரிஸில் எத்தியேன்-ழூல் மாரே, குதிரைமயிர் திணித்த ரப்பர்ப் பந்துகளைக் குளம்புகளின் அடியில் பொருத்தினார். கால் தரையில் பட்டதும் பந்து அமுங்க, உள்ளிருந்த காற்று குழாய் வழியே சென்று, குதிரைமேல் அமர்ந்தவர் கையில் வைத்திருந்த பதிவுக் கருவியில் கோடாக விழுந்தது. அந்த ஆய்வுகள் 1873இல் நூலாயின. 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பொருளுதவியுடன் எட்வேர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்து, பாய்ச்சலில் நான்கு கால்களும் தரையை விட்டு நீங்கும் நொடி உண்டு என்றும், அப்போது கால்கள் ஓவியர்கள் தீட்டியதைப்போல முன்னும் பின்னும் நீளாமல் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்றும் நிறுவினார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் அன்டோன் லுங்விட்ஸ் மின்தொடர்பு கொண்டு குளம்பின் விரிவைச் சோதித்து, பாரம் ஏறும்போது பின்பகுதி உண்மையிலேயே விரிகிறது என்று காட்டினார். கிளார்க்கின் கருத்து இவ்வாறு அளவையின் துணையைப் பெற்றது.

லுங்விட்ஸின் பாடநூல் சீவலுக்கும் நடைக்கும் உள்ள தொடர்பை ஒழுங்காக வகுத்துத் தந்தது. முன்குளம்பின் நுனிச்சுவர் தரையோடு 45 முதல் 50 பாகைக் கோணத்தில் நிற்பது பொதுவான அளவு. ஆனால் எல்லாக் குதிரைகளையும் ஒரே எண்ணுக்குள் அடக்காமல், குளம்பின் சரிவு அதற்கு மேலுள்ள எலும்புகளின் சரிவோடு ஒரே நேர்கோட்டில் அமையும்படி சீவ வேண்டும் என்பதே விதி. பக்கவாட்டுச் சமனும் அவ்வாறே முக்கியமானது: குளம்பு நுனி வெளிநோக்கித் திரும்பிய குதிரை காலை உட்புறமாக வளைத்து வீசுவதால் மறுகாலை உதைத்துக்கொள்ளும், உள்நோக்கித் திரும்பிய குதிரை காலை வெளிப்புறமாக வீசும். ஒரு பக்கச் சுவரைக் கூடுதலாக உயரவிட்டால் அப்பக்கமே முதலில் தரையில் மோதும்.

இதே காலத்தில் அமெரிக்காவின் வண்டிப் பந்தயங்கள் இந்த அறிவை வேகத்துக்காகப் பயன்படுத்தின. டிராட் எனப்படும் துரிதநடையில் குறுக்கெதிர்க் கால்கள் இணைந்து எழுந்து இணைந்து விழும். அந்த ஒழுங்கு தவறிப் பாய்ச்சலுக்கு மாறும் குதிரை பின்தங்கிவிடும். எனவே நுனியில் எடை சேர்த்தும், நுனியை நீளவிட்டும், முன்லாடத்தைக் கனப்படுத்தியும் பயிற்சியாளர்கள் நடையைச் சமப்படுத்த முயன்றனர். காலின் கடைக்கோடியில் சேரும் எடை சில நூறு கிராமே ஆனாலும், அது நெம்புகோலின் முனையில் அமைவதால், கால் உயர்ந்து வளைவதும் அதை வீசத் தேவைப்படும் உழைப்பும் வெகுவாகக் கூடுகின்றன. 1910இல் ருடால்ஃப் ஜோர்டன் குளம்புத் தடங்களின் தொலைவுகளை அளந்து, லாடத்தில் செய்த மாற்றம் நடையில் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று தனி நூலே எழுதினார்.

பட்டறை வழியாக வந்த நம்பிக்கைகளில் எவை நிலைக்கும், எவை நிலைக்கா என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதிவேகக் கேமராக்களும் விசையளக்கும் தட்டுகளும் பிரித்துக் காட்டின. நுனி நீண்டு குதிகால் தாழ்ந்த குளம்பு நீண்ட எட்டைத் தரும் என்பது பந்தய உலகில் நெடுங்காலம் வேரூன்றியிருந்த நம்பிக்கை. ஹிலரி கிளேட்டன் 1990இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய குளம்பால் எட்டின் நீளம் கூடவில்லை. மாறாக, குதிகால் எழுந்து நுனியை ஊன்றிக் குளம்பு புரண்டு தரையை விடும் கட்டம் நீடித்தது, குளம்பு நுனிமுந்தித் தரையில் இறங்கும் போக்கும் தெரிந்தது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், குதிகாலை ஆப்பு வைத்து உயர்த்தியபோது படகெலும்பின் மேல் விழும் உச்ச விசை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் அதற்கு விலையாக அழுத்தத்தின் மையம் குதிகால் பக்கம் நகர்கிறது. லாடத்தோடு விடப்பட்ட குளம்பில் குதிகால் இரும்பின்மேல் உரசித் தேய, நுனி தேயாமலே வளர்வதால், வாரங்கள் செல்லச் செல்லக் கோணம் சில பாகை தாழ்ந்து, தசைநாணின் சுமை கூடுகிறது. நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவ வேண்டும் என்ற பழைய விதிக்கு இவ்வாறு இயக்கவியல் விளக்கம் கிடைத்தது.

நடையை மாற்றும் ஆற்றல் தீங்குக்கும் பயன்பட்டது. டென்னசி நடைக்குதிரைகளின் காட்சிகளில் முன்னங்கால்கள் மிகையாக உயரும் நடையைப் பெற, உயரமான அட்டைகளை அடுக்கிய கனத்த லாடங்களும் சங்கிலிகளும் அணிவிக்கப்பட்டன. கணுக்காலில் எரிச்சலூட்டும் பொருள்களைத் தடவி, வலி தாங்காமல் குதிரை காலை உயர்த்தச் செய்யும் கொடுமையும் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 1970இல் குதிரைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, புண்படுத்தப்பட்ட குதிரைகளைக் காட்சிக்கு விடுவதைத் தடைசெய்தது. பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயிற்சி பெற்றுப் பதிவு செய்தோரைத் தவிரப் பிறர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றமானது.

லாடம் தேவையா, தேவையற்றதா என்ற விவாதம் லாஃபோஸ் காலத்திலிருந்து இன்றுவரை ஓயவில்லை. தரையும் வேலையும் குளம்பின் இயல்பும் குதிரைக்குக் குதிரை வேறுபடுவதால் அதற்குப் பொதுவான விடை கிடைக்கப்போவதுமில்லை. ஆனால் இந்த நீண்ட வரலாறு ஒன்றை ஐயமற நிறுவுகிறது: கோணமும் சமனும் தவறிச் சீவப்பட்ட குளம்பை எந்த வடிவ இரும்பும் முழுமையாகத் திருத்தியதில்லை, செம்மையாகச் சீவப்பட்ட குளம்புக்கு எளிய லாடமே பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கிறது. லாடக்காரரின் திறமையைப் பட்டறையில் இரும்பு அடிக்கும் வேகத்தில் அன்றி, அரத்தைக் கையிலெடுக்கும் முன் குதிரையை நடக்கவிட்டுப் பார்க்கும் பொறுமையிலேயே அளக்க வேண்டும்.